கும்மட்டக் கணியம்

சந்தியாகுவின் வலது தோள் செத்துக் கிடந்தது. வலிக்கிறது என்று சொல்வதற்குக்கூட அதில் கொஞ்சம் உயிர் இருக்க வேண்டும். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்றை எதிர்த்து வலை இழுத்து, கரைக்கு வந்து, வள்ளத்தை மணலில் ஏற்ற முதுகு கொடுத்து முடித்தபோது, சட்டையைக் கழற்றக்கூடக் கை மேலே போகவில்லை. உவரிக் கரையில் வலைக் குவியலில் சாய்ந்து உட்கார்ந்து, இடது கையால் வலது கையைத் தூக்கிக் கைப்பிள்ளையைப் போல மடியில் கிடத்திக்கொண்டார்.

“வயசு அம்பத்தெட்டாச்சு. இன்னும் புது மாப்பிள்ளன்னு நெனப்பு,” என்றார் கஸ்பார், வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டே. “மவன வரச் சொல்லும்வே. அந்நிய நாட்டு மீனப் புடிச்சது போதும்.”

“அவன் வந்தா ஒனக்கு விடுதல. அதானல அவசரம்?”

“பின்ன? எத்தன வருசந்தான் நான் ஒம்ம வள்ளத்துல கெடந்து ஒம்ம மூஞ்சியப் பாக்க?”

இது இருவருக்கும் பழகிப்போன சண்டை. முன்பொரு தடவை கஸ்பார் நடுக்கடலில் வலைக் கயிறு காலில் சுற்றித் தண்ணீருக்குள் போனவர். சந்தியாகுதான் குதித்துத் தூக்கித் தன் வள்ளத்தில் போட்டார். அவர்கள் கரையில் அதற்கு ஆள் கடன் என்று பெயர். தூக்கிய வள்ளத்தில் என்றைக்கு ஆள் குறைகிறதோ, அன்றைக்கு விழுந்தவன் வீட்டிலிருந்து ஒருத்தன் போய் அந்த வள்ளத்தில் ஏற வேண்டும். பணம் கொடுத்துத் தீர்க்க முடியாது. கும்பிட்டுத் தீர்க்க முடியாது. ஆளுக்கு ஆள். சந்தியாகுவின் மகன் ஷிபின் ஈரானுக்குப் போன மறுநாள், கஸ்பார் சொந்த வள்ளத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு இங்கே வந்து ஏறினார். யாரும் கூப்பிடவில்லை. அவரும் ஏன் வந்தேன் என்று சொல்லவில்லை.

மணலில் ரீபா ஓடி வந்தாள். ஷிபினின் பெண்டாட்டி. காலில் செருப்பில்லை. பத்து மணி மணல் அடுப்புச் சட்டி மாதிரி கொதிக்கும். அவளுக்கு அது தெரிந்ததாகவே இல்லை. கையில் போன்.

“மாமா, அவியளப் புடிச்சுட்டாவளாம்.”

“யார?”

“ஒங்க மவனத்தான். கூட வேல பாக்குற ஹெப்ரான் அண்ணன் பேசுனாவ. நேத்தே கொண்டு போயிட்டாவளாம்.”

சந்தியாகு முதலில் பயப்படவில்லை. கடல்காரனைப் பிடிப்பது புதுசா? எல்லை தாண்டினால் பிடிப்பார்கள். படகை வைத்துக்கொள்வார்கள், ஆளைச் சில மாதம் உள்ளே போடுவார்கள், பிறகு விடுவார்கள். அது தெரிந்த துன்பம்.

“அந்த மூதி எல்லையத் தாண்டிட்டானா? எத்தன மட்டம் சொல்லியிருக்கேன்.”

“எல்லையில்ல மாமா.” ரீபாவுக்கு மூச்சு வாங்கியது. “அங்கன அணு உலைக் கும்மட்டத்தப் படம் புடிச்சான்னு. வேவு பாத்தான்னு. அது இருக்குற எடத்த வெளிய சொன்னான்னு. சொல்லச் சொல்லிக் கேட்ட சத்தமும் போன்ல இருக்காம். அது ஒங்க சத்தம் மாமா.”

சந்தியாகு எழுந்திருக்கப் பார்த்தார். கால் எழுந்தது, உடம்பு வரவில்லை. கஸ்பார் பிடித்துத் தூக்கினார். செத்த தோளைப் பிடித்துத்தான் தூக்கினார். சந்தியாகுவுக்கு அது உறைக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான்.

கடலில் மீன் இருக்கிற இடத்துக்குப் பலகை வைக்க முடியாது. அடியில் பாறை எங்கே இருக்கிறதோ அங்கே மீன் இருக்கும். அந்தப் பாறையைப் பார் என்பார்கள். பார் கண்ணுக்குத் தெரியாது. கரையில் உள்ள இரண்டு பொருள்களை ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக நேராகப் பிடித்தால் ஒரு கோடு. வேறு இரண்டைப் பிடித்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம் போட வேண்டியது. இதற்குக் கணியம் என்று பெயர். இப்போது கருவி வந்துவிட்டது, வாஸ்தவம். கருவியை உப்புக் காற்று தின்றுவிடும். கணியத்தைத் தின்னாது.

சந்தியாகுவின் வீட்டுக்கென்று ஒரு பார் உண்டு. கூடங்குளத்துக் கும்மட்டம் இரண்டும் நெருங்கி நெருங்கி வந்து ஒற்றைக் கும்மட்டமாகத் தெரிய வேண்டும். கோயில் கோபுரம் ஒரு பனைக்கூட்டத்தின் தலையில் நிற்க வேண்டும். அங்கே களவா மீன் கிடக்கும். அந்தக் கும்மட்டங்கள் எழும்பியபோது வேண்டாம் என்று கடற்கரையில் படுத்துக் கிடந்தவர்களில் சந்தியாகுவும் ஒருத்தர். லத்தி அடி வாங்கினார். வழக்கும் வாங்கினார். கும்மட்டம் எழும்பிவிட்டது. எழும்பிய பிறகு பார்த்தால், அந்தக் கரையில் அதைப் போலத் தெளிவான கணியம் வேறு இல்லை. மேகம் மூடினாலும் தெரியும். சபித்துக்கொண்டேதான் அதைப் பிடித்தார்.

கணியத்தை ஊருக்குச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒருத்தனிடம் மட்டும் வைத்திருக்கவும் கூடாது. அவன் மூழ்கினால் கணியமும் மூழ்கிவிடும், அது பாவம். கண்டுபிடித்தவன் தன் வீட்டில் ஒருத்தனுக்கு வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். கேட்டவன் திருப்பிக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

ஈரானில் ஷிபின் ஒரு அரபாபின், அதாவது முதலாளியின், விசைப்படகில் கூலிக்கு வேலை பார்த்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு மட்டும் அந்த ஊர்க்காரர் முராத் என்பவரின் சின்னப் படகில் தூண்டில் போடப் போவான். முராத் அவனுக்கு ஒரு பாரைக் காட்டினார். அந்தக் கரையிலும் ஒரு அணு உலை, அதற்கும் ஒரு கும்மட்டம். ஷிபினுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. போனில் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னான். “அப்பா, இங்கனயும் நம்ம ஊர்க் கும்மட்டம் மாதிரியே ஒண்ணு நிக்கி. அதத்தான் இவியளும் கணியமாப் புடிக்காவ.”

சந்தியாகு அந்தக் கடலைக் கனவிலும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் முறை முறைதான். குரல் பதிந்து அனுப்பினார். மகன் கும்மட்டத்தையும் அதன் முன்னால் நின்ற தண்ணீர்த் தொட்டியையும் படம் பிடித்து, ஆழத்தையும் வாயால் சொல்லி அனுப்பினான். அப்பனுக்குப் பெருமை. கஸ்பாரிடம்கூடக் காட்டவில்லை, கணியம் அல்லவா!

அடுத்த வாரம் அந்த நாட்டின் மேல் குண்டு விழுந்தது. துறைமுகத்தில் இருந்த வெளிநாட்டுக்காரன் ஒவ்வொருவனின் போனையும் வாங்கிப் பார்த்தார்கள்.

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டுச் சந்தியாகுவின் பெண்டாட்டி லில்லி வீடு திரும்பியபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர் யாருமில்லை. சந்தியாகு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். லில்லிக்கு ரீபா சொன்னாள். லில்லி மீன் கூடையை இறக்கவில்லை. இடுப்பில் வைத்தபடியே நின்றாள்.

“மீனப் புடிக்கதுக்கு வேவுன்னு பேரா?” என்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, “நீரு எதுக்குவே கேட்டீரு? நீரு அங்கன போயித் தூண்டி போடப் போறீரா?”

சந்தியாகு டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

டிவியில் கோட்டுப் போட்ட ஆள்கள் நீள மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்த பழைய படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மேசையில் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. அந்த நாடு, மின்சாரத்துக்கும் வைத்தியத்துக்கும் அணுவை வைத்துக்கொள்ள எங்களுக்கு உரிமை இருக்கிறது என்கிறது. வலுத்த நாடுகள், நீ குண்டுதான் செய்யப் போகிறாய் என்கின்றன. ரீபா காலேஜ் படித்தவள். அவள் இதை மாமியாருக்குப் புரியும்படி சொல்லப் பார்த்தாள்.

“கரண்டுக்குன்னாத்தான் இங்கனயும் வச்சிருக்கானே,” என்றாள் லில்லி. “நாம வேண்டாம்னோம், கேக்கல. அங்கன அவன் வேணும்ங்கான், வுட மாட்டேங்கானுவ. எவன் என்னத்தையும் பண்ணட்டு. எம்புள்ள யாருக்கு என்ன செஞ்சான்?”

கூடை அப்போதுதான் இடுப்பிலிருந்து நழுவி விழுந்தது. மிச்சமிருந்த சாளை மீன்கள் தரையெங்கும் சிதறின. யாரும் பொறுக்கவில்லை. பூனை வந்து எடுத்துக்கொண்டு போனது. அதையும் யாரும் விரட்டவில்லை.

திங்கட்கிழமை, கலெக்டரிடம் மனு கொடுக்க, மீன் ஏற்றுகிற லோடு ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினார்கள். ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் கால் நீட்டவும் இடமில்லை. நெல்லையில், கொக்கிரகுளத்தில் இறங்கியபோது லில்லியின் சேலையில் மீன் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் ஆறு நிறைந்து போனது. பாபநாசம் அணையில் கார் பருவ நெல் நடவுக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஆள்கள் துணி துவைத்துக்கொண்டும் குளித்துக்கொண்டும் இருந்தார்கள். ஆற்றைப் பார்த்ததும் சந்தியாகுவுக்குக் காரணமில்லாமல் கோபம் வந்தது. இவ்வளவு சாதாரணமாக ஒரு ஆறு எப்படி ஓட முடியும்?

மனு வாங்குகிற இடத்தில் அவர்களைப் போலவே ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். எல்லோருடைய வீட்டு ஆளும் அந்த நாட்டில் கிடந்தான். மற்றவர்களின் மனுவில் ‘பத்திரமாக மீட்டுத் தர வேண்டும்’ என்று இருந்தது. எலியேசர் என்ற குமாஸ்தா, பாளையங்கோட்டைக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வரிசையாக வாங்கிப்போட்டார். ரீபா எழுதிய மனுவை மட்டும் இரண்டு தரம் படித்தார். பிறகு அதை மற்ற மனுக்களோடு சேர்க்காமல் தனியாக வைத்தார்.

“அம்மா, நீங்க கொஞ்சம் அந்தப் பெஞ்சில உக்காருங்க,” என்றார். சொன்ன தொனி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அப்படித் தனியாக வைத்ததை மூன்று பேரும் பார்த்துவிட்டார்கள்.

உட்கார்ந்து வெகு நேரம் கழித்து, மாடியில் ஒரு அறைக்கு அழைத்துப்போனார்கள். சாதாரணச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் குருபிரசாத். உளவுப் பிரிவு என்று அவரே சொன்னார். அம்பாசமுத்திரத்துக்காரராம்.

“அண்ணாச்சி, பயப்படாதிய. தண்ணி குடிங்க. போன மட்டும் குடுங்க.”

சந்தியாகு கொடுத்தார். இன்ஸ்பெக்டர் தேடி எடுத்து அழுத்தினார். அந்தச் சின்ன அறையில் சந்தியாகுவின் குரல் கடலில் கத்துகிற மாதிரி கத்தியது.

“ஏலே, கும்மட்டத்துக்கு நேரா எதப் புடிச்சே? அங்கன எத்தன பாகம் ஆழம்? தெளிவாச் சொல்லுலே. ஒருத்தன்கிட்ட மட்டும் கெடக்கக் கூடாது. நாளைக்கு நீ செத்துட்டா எனக்கு எப்படித் தெரியும்?”

சந்தியாகுவுக்குத் தன் குரலைத் தானே முதல் தடவையாகக் கேட்ட மாதிரி இருந்தது. அது ஒரு அப்பனின் குரலாக இல்லை.

“இத அங்கன ஒருத்தன் அவன் பாஷையில மாத்தி வாசிச்சுப் பாத்திருப்பான்லா?” என்றார் இன்ஸ்பெக்டர். “அதுவும் குண்டு விழுந்த மறுநாள்?”

“சார், இது மீனுக்கு.” சந்தியாகு எழுந்துவிட்டார். “நான் காட்டுதேன் பாருங்க.” மேசையில் இருந்த பசை டப்பாவை எடுத்தார். “இது கும்மட்டம்.” டம்ளரை அதன் முன்னால் வைத்தார். “இது தண்ணித் தொட்டி. ரெண்டும் நேரா வருதா? இப்ப இந்தப் பக்கம், இந்த முத்திரை மைப் பெட்டி ஒரு மலைன்னு வைங்க.” அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மேசை விளிம்பில் மூக்கு படப் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் குனிந்து பார்த்தார். “இப்ப நான் நிக்கிற எடம் இருக்குல்லா, அது ஒண்ணே ஒண்ணுதான். ஒலகத்துல வேற எடம் கெடையாது. நாளைக்கு எவன் வந்து நின்னாலும் இதே எடத்துலதான் நிப்பான்.”

“கருவி ஒண்ணும் வேண்டாம்?”

“என்னத்துக்கு சார்? கண்ணு போதும்.”

“அப்ப எவ்வளவு தப்பும்?”

“ஒரு வள்ளத்து நீளம் தப்பாது!” என்றார் சந்தியாகு.

மேசைக்கு அடியில் லில்லி அவர் காலை மிதித்தாள். சந்தியாகு நிமிர்ந்தார். இன்ஸ்பெக்டரின் முகத்தில் இதுவரை இருந்த இரக்கம் போய், வேறு ஒன்று வந்திருந்தது. அது சந்தேகம்கூட இல்லை. ஒரு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற முகம்.

“அண்ணாச்சி,” என்றார் பைய. “இத நான் எப்படி எழுதுவேன்? நீங்க சொல்லுறதுதான் உண்ம, எனக்குப் புரியுது. ஆனா புரியப் புரிய மோசமால்லா இருக்கு.”

அவர் ஒரு தாளைப் புரட்டினார். “அந்தப் பழைய போராட்டத்துல ஒங்க பேர்லயும் ஒரு வழக்கு.”

“கரையில எல்லாத்து பேர்லயும்தான் சார் இருக்கு. கல்லறையில கெடக்கவன் பேர்லயும் இருக்கு.”

“கும்மட்டம் வேண்டாம்னு நின்னிய. பொறவு அதையே கணியமாப் புடிச்சிய.”

“அது எழும்பிட்டுது சார். எழும்புன பொறவு கண்ண மூடிக்கிட்டா கடலுக்குப் போவ?”

இன்ஸ்பெக்டர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. சந்தியாகுவுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. அவர் முகம்கூடத் தெளிந்தது.

“சார், ஊருல எல்லாரும் இப்படித்தான் புடிக்கோம்னு நான் காட்டட்டா? நாளைக்கே வள்ளத்துல போறேன். கூடங்குளத்துக் கும்மட்டத்த அப்படியே படம் புடிச்சி, எங்க கணியத்தையும் சொல்லி, ஒங்களுக்கு அனுப்புதேன். எங்க வீட்டுப் பாரு போனாப் போவட்டு. நீங்க அத அவியளுக்கு…”

“ஐயையோ!” இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். “அத மட்டும் செஞ்சிராதிய! இப்ப ஒங்க மவன் மட்டும்தான் உள்ள இருக்கான். அதப் படம் புடிச்சா நீங்களும் உள்ள. நான்தான் வந்து புடிக்கணும்.”

லில்லி அதற்கு மேல் பொறுக்கவில்லை. “அப்ப அங்கன அவன் செஞ்சது சரின்னுதான சொல்லுதிய? எம்புள்ளயப் புடிச்சவன் செஞ்சது?”

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். தாளை மூடி வைத்தார். “நான் நம்புதேம்மா,” என்றார் கடைசியில். “மீனுக்குத்தான்னு எழுதுவேன். அது சென்னைக்குப் போயி, டெல்லிக்குப் போயி, டெல்லிக்காரன் அந்த நாட்டுக்காரங்கிட்டச் சொல்லணும். அவன் தலைக்கு மேல குண்டு விழுந்துக்கிட்டு இருக்கு. பாப்போம்.”

படி இறங்கும்போது ரீபா முதல் தடவையாக அழுதாள். சத்தமில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள், எழுபது வயதுக்காரி மாதிரி.

அதன் பிறகு சந்தியாகு கடலுக்குப் போகவில்லை. கஸ்பார் மட்டும் நாள் தவறாமல் வந்து வள்ளத்தின் பக்கத்தில் நிற்பார். பீடி குடிப்பார். வெயில் ஏறியதும் போவார். ஒரு நாள் வீட்டு வாசலுக்கே வந்தார்.

“எந்திரியும்வே. லில்லி அங்கன அந்தோணியார் முன்னால முழங்கால் தேய கெடக்கா. நீரு இங்கன சுவரப் பாத்துக் கெடக்கீரு. ரெண்டு பேரும் இப்படிக் கெடந்தா அந்தப் பொம்பளப் புள்ள என்னத்தத் திங்கும்?”

போனார்கள். வீட்டுப் பாருக்கே போனார்கள். கோயில் கோபுரம் பனங்கூட்டத்தின் தலையில் வந்து நின்றது. சந்தியாகு மேற்கே திரும்பி, கும்மட்டங்களைத் தேடினார். நின்றன. ஒன்றின் பக்கத்தில் ஒன்று. வள்ளத்தைப் பைய நகர்த்தச் சொன்னார். கும்மட்டங்கள் நெருங்கின, மறுபடி விலகின, மூன்றாகத் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். ஒன்றாக வரவே இல்லை. நாற்பது வருசம் கடலைப் பார்த்த கண் ஒரு கோட்டைப் பிடிக்க மாட்டேன் என்றது.

“நீ பாருல,” என்றார்.

“எனக்கு எப்படித் தெரியும்? ஒம்ம கணியத்த நீரு என்னைக்கு எனக்குச் சொன்னீரு?”

உண்மைதான். இந்தக் கணியத்தை ஷிபினுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார். சந்தியாகு கஸ்பாரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். சொல்லிவிட்டால், வீட்டில் சொல்லுவதற்கு இனி ஆள் வரமாட்டான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. வாயை மூடிக்கொண்டார். வெறும் வள்ளத்தோடு திரும்பினார்கள். கஸ்பார் அன்றைக்குக் கேலி பேசவில்லை.

பிறகு ஒரு பகலில் போன் வந்தது. டெல்லியிலிருந்து. ஷிபின்தான்.

“அப்பா, நான்தான். வந்துட்டேன்.”

சந்தியாகு போனை ரீபாவிடம் நீட்டினார். பேசுவது மகன்தான் என்று வேறு யாராவது சொன்னால் நம்பலாம் என்று இருந்தது.

நெல்லை ஜங்ஷனில் ரயில் நின்றபோது ஷிபினும் ஹெப்ரானும் சேர்ந்து இறங்கினார்கள். ஷிபின் காலில் யாருடையதோ செருப்பு, இரண்டு அளவு பெரிது. தாடி. ஆள் பாதியாகிவிட்டான். லில்லி அவன் முகத்தை, தோளை, கையை, விரல்களைத் தடவித் தடவிப் பார்த்தாள், மார்க்கெட்டில் வாங்குகிறவர்கள் மீனைப் புரட்டிப் பார்ப்பது போல. எல்லாம் இருந்தது. மணிக்கட்டில் மட்டும் ஒரு கறுத்த வளையம். ரீபா அதைப் பார்த்துவிட்டுத் தன் முந்தானையால் மூடினாள்.

வழியில், திசையன்விளை தாண்டும்போது, இன்ஸ்பெக்டர் குருபிரசாத் கூப்பிட்டார். “அண்ணாச்சி, நல்ல சேதி. நான் எழுதுனது டெல்லிக்குப் போய்ச் சேந்துட்டாம்.”

“அவனே வந்துட்டான் சார்,” என்றார் சந்தியாகு.

“யாரு வுட்டா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்தக் கேள்வியைச் சந்தியாகு அதுவரை கேட்டிருக்கவில்லை.

வீட்டில் குசினித் தரையில் உட்கார்ந்து ஷிபின் சோறு தின்றான். களவா மீன் குழம்பு. கஸ்பார் கொண்டு வந்த மீன். அவரும் ஒரு தட்டோடு எதிரில் உட்கார்ந்திருந்தார். ஷிபின் தலை நிமிராமல் தின்றான். மூன்று தடவை சோறு வாங்கினான்.

“ஏலே, பைய,” என்றார் கஸ்பார். “சட்டிய விட்டு வையி. இனிமே நாளைக்கும் சோறு உண்டு. எனக்கும் விடுதல. நாளையில இருந்து ஒங்க அப்பன நீயே கட்டி மேயி.”

ஷிபின் சிரிக்கவில்லை. சந்தியாகு கேட்டார்.

“எப்படிலே வுட்டாவ? இன்ஸ்பெக்டரு எழுதுனது இல்லயாம்.”

சோற்றில் ஷிபினின் கை நின்றது.

“முராத் வந்தாருப்பா.”

“கணியம் காட்டுனவரா?”

“ம். அவர யாரும் தேடல. என்கிட்ட அடிச்சி அடிச்சிக் கேட்டாவ, எவன் காட்டுனான்னு. நான் சொல்லல. கடலுக்குள்ளயே நானாப் பாத்துக் கண்டுபுடிச்சேன்னுட்டேன். எப்படியோ கேள்விப்பட்டு அவரா நடந்து வந்தாரு. கணியம் என்னுதுன்னாரு. நான்தான் காட்டுனேன், எங்க அப்பனும் அங்கனதான் புடிச்சாரு, அப்பம் பின்னால ஒரு மல தெரியும், கும்மட்டம் கெட்டுனதும் மலைய மறைச்சுட்டு, அதனால கும்மட்டத்தப் புடிச்சோம், இந்தப் பயலுக்கு மீனத் தவிர ஒண்ணும் தெரியாதுன்னாரு.”

“அவிய நம்புனாவளா?”

“என்னைய நம்புனாவ.” ஷிபின் தட்டைப் பார்த்தே பேசினான். “வெளிநாட்டுக்காரன், கூலிக்காரன், கெளம்புற கூட்டத்தோட இவனையும் ஏத்தி வுடுன்னுட்டாவ. அவர வுடல. சொந்த நாட்டுக்காரன் அந்நியனுக்கு எடம் காட்டுனது அதவிடப் பெருங்குத்தமாம். அதுவும் சண்ட நேரத்துல. லாரியில என்னைய ஏத்தும்போது அவர ஒரு ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போனாவ. என்னப் பாத்துக் கைய இப்படிக் காட்டுனாரு.”

ஷிபின் எச்சில் கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடினான். கணியம் பிடிக்கிற கை.

ரீபா அடுப்பை அணைத்தாள்.

மகன் திரும்பி வந்தான் என்று கொக்கிரகுளத்துக்கும் கோயிலுக்கும் நன்றி சொல்லிக்கொண்டு வந்தவர் சந்தியாகு. அவன் திரும்பவில்லை; மாற்றி அனுப்பப்பட்டிருக்கிறான். பெயர் மட்டும் தெரிந்த, முகம் தெரியாத ஒரு மனுசன் தண்ணீருக்குள் குதித்து இவனைத் தூக்கி மேலே போட்டுவிட்டு, உள்ளேயே நின்றுகொண்டான்.

“அவருக்குப் புள்ளைய?”

“ரெண்டும் பொட்டப் புள்ளைய. சின்னதுக.”

“அந்தப் படகு?”

“கரையில கெடக்கு. அவர வுட்டா அதுக்கு ஆளு கெடையாது.”

கஸ்பார் தட்டைக் கீழே வைத்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அவர் சந்தியாகுவைப் பார்த்தார், சந்தியாகு அவரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஆள் கடனை யாரும் விளக்க வேண்டியதில்லை. இத்தனை வருசம் கூப்பிடாமல் வந்து ஏறியவர் கஸ்பார். அவர் எந்தக் கரைக்கு வேண்டுமானாலும் நடந்து போயிருப்பார். முராத்தின் கரைக்கு வழி இல்லை. விமானம் இல்லை, கப்பல் இல்லை, போனாலும் உள்ளே விட மாட்டார்கள், விட்டாலும் வெளியே விட மாட்டார்கள்.

“நாளைக்கும் நானே வாரேன்வே,” என்றார் கஸ்பார், கையைக் கழுவாமலே எழுந்து. “அவன் தூங்கட்டும்.”

சந்தியாகு தலையாட்டினார். வலது தோள் இப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது. அதைத் தடவிக்கொள்ளத் தோன்றவில்லை.

முராத்தின் படகில் ஒரு ஆள் குறைகிறது. அந்த ஆளை இந்த வீடு கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.